மூன்றாம் வருடக் குருத்து

தேயிலை செழிக்கும் மண்ணில் அஸ்பரகஸ் வராது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் நடுவே இருந்தால் அதற்குச் சுகம். அஸ்பரகஸோ 6.5க்குக் கீழே போனாலே சுணங்கிவிடும். பார்ப்பதற்கு ஒன்றிரண்டுதான் வித்தியாசம், ஆனால் அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது. இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பிழைத்தவன் நான். என் தாத்தா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய துரை பங்களாவுக்கு அவர்தான் தோட்டக்காரர். “புளிச்ச மண்ணுடா இது. சாம்பலப் போட்டாத்தான் இந்தத் தொர வீட்டுக் குருத்து பொழைக்கும்” என்பார். அந்தக் காலத்தில் இஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகுதான் எரித்தார்கள். அந்தச் சாம்பலை மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிரப்பி, காவடிக் கம்பில் தொங்கவிட்டு, குறுக்குப் பாதையால் பங்களாவுக்கு ஏற்றுவார். விறகுச் சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும் என்பதற்கு அவரிடம் இருந்த சான்று ஒன்றுதான்: போட்ட வருடம் குருத்து விரல் தடிமன் வந்தது, போடாத வருடம் ஈர்க்கு மாதிரி வந்தது.

நான் சொல்வது 1960களின் கடைசியும் 70களின் தொடக்கமும். அப்போது இருந்தவர் வெள்ளைக்காரத் துரை. எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் கடைசி வெள்ளைக்காரர். பங்களாவின் முன்பக்கம் புல்தரை, ரோஜா, நீலப் பூக்கொத்து விடும் ஹைட்ரேஞ்சியா எல்லாம் தொரசாணியின் பார்வையில் இருந்தன. குசினிக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டம் தாத்தாவின் ராச்சியம். கரட், லீக்ஸ், சலாது, கோவா, போஞ்சி எல்லாம் பாத்தி மாறி மாறி வரும். ஒரு பாத்தி மட்டும் எந்தக் காலத்திலும் மாறியதில்லை. அதில் வேறெதையும் நட விடமாட்டார். வருடத்தில் பெரும்பகுதி அங்கே மார்பளவு உயரத்துக்குப் பச்சைப் புகை மூட்டம்தான் தெரியும். பார்க்க இலை மாதிரி இருக்கும் அந்த நூல்களெல்லாம் உண்மையில் தண்டின் கிளைகள். அவற்றுக்குள் கைவிட்டால் பனிநீர் தோள்வரை நனைக்கும்.

அந்தப் பாத்தியை அவர் போட்ட விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துரையிடம் ஒரு ஆங்கிலத் தோட்டப் புத்தகம் இருந்தது. அகழி மாதிரி ஆழமாக வெட்டி, அடியில் எருப் போட்டு, கிழங்கின் வேர்களைப் பரப்பி, செடி வளர வளர மண்ணைத் தள்ளி மூடு என்று அது சொல்லியது. இங்கிலாந்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஆவணி வரைக்கும் வானம் மூடிக் கிடக்கும். கொஞ்சம் கீழே இருக்கும் வட்டவளை, இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட மழையில் அகழி வெட்டினால் கிணறுதான் கிடைக்கும். அஸ்பரகஸ் கிழங்குக்கு நீர் தேங்கினால் அழுகல் பிடித்துவிடும். தாத்தா துரை சொன்னதற்கெல்லாம் “சரிங்க தொர” என்று தலையாட்டிவிட்டு, தேயிலை மலையில் நீர் வடியக் கான் வெட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் சரிவாகக் கான் வெட்டி, நடுவில் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, அதன் முதுகில் கிழங்குகளை வைத்தார். துரை வந்து பார்த்தார், பைப்பைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த ஆடியில் பாத்தி அழுகாமல் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் தோட்டத்துப் பக்கம் வந்ததாக நினைவில்லை.

உப்பு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அஸ்பரகஸ் ஆதியில் கடலோரத்துச் செடி. உப்பைத் தாங்கும், களை தாங்காது. அதனால் பாத்தியில் உப்புத் தூவுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். துரை உப்பு மூட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். கல்லுப்பை மண்ணில் கொட்டுவது தாத்தாவுக்குப் பாவமாகப் பட்டது. களையைக் கையாலேயே பிடுங்கினார். மூட்டை என்ன ஆனதென்று தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஊறுகாய்ச் சாடிகளுக்கும் தெரியும்.

குளிர்நாட்டில் இந்தச் செடி குளிர்காலத்தில் மேலெல்லாம் பட்டுப்போய் மண்ணுக்குள் தூங்கும். வசந்தத்தில் குருத்து விடும். இலங்கையில் அதற்குத் தூக்கம் வருவது சிரமம். நுவரெலியாவிலே, 1,868 மீற்றர் உயரத்திலே, தை மாசியில் புல்மேல் உறைபனி விழும் இரவுகள் உண்டு. எங்கள் டிக்கோயா அதைவிடத் தாழ்வு. தாத்தா பனிக்குப் பதில் தாகத்தை வைத்துத் தூங்கப் போட்டார். மார்கழி மழை விட்டதும் அந்தப் பாத்திக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தை வெயிலிலும் இரவுக் குளிரிலும் பச்சைப் புகை மஞ்சளாகும். மாசியில் தரையோடு வெட்டி, மாட்டுப்பட்டி எருவைப் போட்டு மூடுவார். பங்குனிக் கடைசியில் இடியோடு முதல் மழை வந்து ஒரு வாரத்துக்குள் எருவைப் பிளந்துகொண்டு குருத்துகள் எழும். பெரு நாட்டின் பாலைவனக் கரையில் பெரிய பண்ணைக்காரர்கள் இதையேதான் செய்கிறார்கள், தண்ணீரை நிறுத்திச் செடியை உறங்கவைக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் கணக்கு புரிந்தது.

சித்திரையில் நுவரெலியா சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பிலிருந்து கார்கள் ஏறும். துரைக்கும் விருந்தாளிகள் வருவார்கள். குருத்து அந்த நேரத்துக்குச் சரியாகத் தலைகாட்ட வேண்டும், அதுதான் தாத்தாவின் வருடாந்தரப் பரீட்சை. விடியுமுன் போய் வெட்டுவார், ஏனென்றால் வெயில் ஏறினால் நுனி அவிழ்ந்துவிடும். சூடான நாளில் காலையில் சுண்டுவிரல் அளவு இருந்தது மாலையில் ஒரு சாணுக்கு நிற்கும். தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தீட்டி வைத்திருந்தார். மண்ணுக்குள் இரண்டு விரல் கீழே விட்டு ஒரே இழுப்பு. பக்கத்துக் குருத்தின் மேல் கத்தி படக்கூடாது. ஈரத்துணியில் சுற்றிக் குசினி வாசலில் சமையல்கார அப்புவிடம் கொடுப்பார். அப்பு அதைக் கட்டாகக் கட்டி, உயரமான பாத்திரத்தில் நிற்கவைத்து அவித்து, உருக்கிய பட்டர் ஊற்றி, ரோஸ்ட் பாண் துண்டுகளின் மேல் வைத்து அனுப்புவார். சித்திரை முடிந்து வைகாசி நடுவில் தாத்தா கத்தியை எடுத்து வைத்துவிடுவார். அதற்குமேல் துரை கேட்டாலும் வெட்டமாட்டார். “வேருக்குச் சோறு போடுறது அந்தச் செடிதான் தொர. எல்லாத்தையும் நாமளே தின்னா அது எதத் திங்கும்?” என்று அவர் சொன்னதை அப்பு அரைகுறை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னதைக் கேட்டுத் துரை சிரித்தாராம்.

தேயிலைக்காரர்களுக்கு அது புரியாத விஷயமில்லை. கவ்வாத்துக்கு முன்னால் தேயிலை வேர் ஒன்றை வெட்டி அயோடின் தடவிப் பார்க்கும் வழக்கம் உண்டு. கறுநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். வெளுத்துக் கிடந்தால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துப் பெரியவர்கள் சொல்வதும் பங்களாத் தோட்டக்காரர் சொன்னதும் ஒரே செய்திதான்.

குருத்தின் நுனி மேசைக்குப் போகும். அடிக்கட்டை நார் பிடித்தது, துரை வீட்டில் அதை எறிந்துவிடுவார்கள். தாத்தா அதை மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவார். பாட்டி தோலைச் சீவி, பொடியாக வெட்டி, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டுச் சுண்டல் செய்வாள். ரொட்டிக்கு நன்றாக இருக்கும். அஸ்பரகஸ் என்றதும் எனக்கு நாக்கில் இன்றைக்கும் வருவது அந்த அடிக்கட்டையின் ருசிதான். பட்டர் ருசியை நான் அறுபது வயதுக்குக் கிட்டப் போனபிறகுதான் கண்டேன், அதிலே பெரிய அதிசயம் ஒன்றுமில்லை.

அந்தச் சுண்டல் முதன்முதல் செய்த அன்று நடந்ததை எங்கள் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். லயத்துக்குப் பொதுவான கக்கூஸ் வரிசை பின்னால் இருந்தது. காலையில் என் சின்ன மாமா போய்விட்டு வந்து முகம் வெளுத்து நின்றார். மூத்திரம் அழுகிய கோவா மாதிரி மணக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் பாட்டியும் அதையே சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் மணக்கவில்லை, அதனால் தனக்கு மட்டும் நோய் இல்லை என்று தைரியமாக இருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தையாவிடம் எப்படிச் சொல்வதென்று ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போது தாத்தா வந்தார். “தொர வீட்டுலயும் அப்பிடித்தான்” என்றார். பங்களாவின் வாசக்கூட்டி அவரிடம் சொல்லியிருக்கிறார். அஸ்பரகஸில் உள்ள கந்தகம் கலந்த ஒரு அமிலம் உடம்பில் சிதையும்போது வருகிற வாசனை அது. சிலருடைய மூக்குக்கு அது தெரிவதே இல்லை, என் அம்மாவினுடையதும் அப்படிப்பட்ட மூக்கு.

இவ்வளவு தெரிந்த மனிதர் எங்கள் லயத்துக் கோடியில் ஒரு கிழங்குகூட நட்டதில்லை. லயத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குடும்பமும் துண்டு நிலத்தில் மரக்கறி போட்டது. எங்கள் துண்டில் போஞ்சியும் கீரையும் கோவாவும் வந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கப்பால் அந்தத் துண்டு. எதுவும் எங்களுடையது இல்லை. தோட்டத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டால் ஒரு வார்த்தையில் எடுத்துக்கொள்ளும். வேலையிலிருந்து பெயர் வெட்டினால் காம்பராவே போய்விடும். அஸ்பரகஸோ விதை போட்டால் முதல் வருடம் வெட்டக்கூடாது, இரண்டாம் வருடமும் கூடாது, மூன்றாம் வருடம் கொஞ்சம் வெட்டலாம். அப்புறம் பதினைந்து இருபது வருடம் அதே இடத்தில் நின்று கொடுக்கும். போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கிறது. எங்கள் சனம் போஞ்சி நட்டது.

அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இலங்கைக்கு எழுதிப்போட்டார், சித்தப்பா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். எங்கள் பக்கத்துக் காம்பராவில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும். கடிதம் எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாமல் பல வருடம் எல்லாரும் இருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கடிதம் வந்தபோது அவருடைய துண்டில் போஞ்சி பிஞ்சு விட்டிருந்தது. பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோச்சி ஏறினார். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அங்கே தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் அவருக்கு வேலை கிடைத்தது. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம், மண்ணும் அதே புளிச்ச மண்.

1973 கடைசியிலும் 1974இலும் தோட்டங்களில் பஞ்சம். கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன. வேலை நாளும் குறைந்தது. கிழவர்களும் குழந்தைகளும் செத்ததைப் பார்த்தவன் நான். அதை இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை. கிடைக்கிற நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் போடச் சொல்லி எங்கும் உத்தரவு. பங்களாத் தோட்டத்திலும் உருளைக்கிழங்கு போட வேண்டியதாயிற்று, ரோஜாவைத் தவிர எல்லாம் போகட்டும் என்றார்கள். அஸ்பரகஸ் பாத்தியைத் தாத்தாவே அலவாங்கு போட்டுக் கிளப்பினார். நான் கூட நின்றேன். ஒவ்வொரு கிழங்கும் கோழிக் குடலை அள்ளிக் கொட்டியதுபோல வெளுத்த நீண்ட வேர்களோடு மேலே வந்தது. அவற்றைக் கான் ஓரத்தில் குவித்தார். “ஒண்ணு ரெண்ட லயத்துக்குக் கொண்டுபோவோமா தாத்தா?” என்று கேட்டேன்.

“கொண்டுபோயி?”

“நடுவோம்.”

“நட்டு மூணு வருசம் கழிச்சி யாரு திங்கிறது? நீயா, இல்ல நீ போன பெறகு இந்தக் காம்பராவுக்கு வரப்போறவனா?” என்றார். கோபமில்லை. மண்வெட்டியைச் சுரண்டித் துடைத்துக்கொண்டே, மழை நாளில் விறகு ஈரமாகும் என்பதுபோலச் சொன்னார். உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது. சாம்பல் போட்டு எருப் போட்ட மண் ஆயிற்றே. அடுத்த வருடம் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, துரை ஊருக்குப் போனார். தாத்தா அதற்கடுத்த மழைகாலத்தில் காலமானார்.

நுவரெலியாப் பக்கத்தில் ஐரோப்பிய மரக்கறி என்ற கதையே எருவில்தான் தொடங்குகிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் அங்கே ஒரு இங்கிலாந்துப் பண்ணையை ஆளோடும் மாட்டோடும் கொண்டுவந்து இறக்கினார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பெயரெடுத்தவர் அவர்தான். காட்டை வெட்டியபோது மண் கறுப்பாக இருந்தது, வளமென்று நம்பினார். உருளைக்கிழங்கைப் புழு தின்றது, ஓட்ஸை மரையும் காட்டுப்பன்றியும் தின்றன. அந்தக் கறுப்பு மண் ஏழை மண், எருப் போடாமல் ஒன்றும் தராது என்று அவர் அனுபவத்தில் கண்டு 1855இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். எரு வந்தபிறகு மலை கொடுக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியபோது கந்தப்பளை, நுவரெலியா மேடுகளில் விவசாயிகள் தலை நிமிர்ந்தார்கள். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா எல்லாம் இன்று இலங்கைச் சமையலில் ஊர்ச் சரக்காகிவிட்டன. அஸ்பரகஸ் மட்டும் பங்களா வேலியைத் தாண்டவில்லை. ருசியோ குளிரோ அதற்குக் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. மரக்கறிக்காரர்கள் பலர் குத்தகை நிலத்தில் போகத்துக்குப் போகம் கடன் வாங்கிப் பயிர் செய்கிறவர்கள். மூன்று வருடம் வட்டி கட்டிக்கொண்டு ஒரு குருத்துக்காக யார் காத்திருப்பார்கள்?

அதன் உறவுக்காரச் செடிகளோ கேட்காமலே எங்கும் வளர்கின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கும் அஸ்பரகஸ் இனம்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைக் கொடுப்பார்கள். சிங்களவர் ஹாத்தாவாரிய என்று சொல்லும் முள்ளுக்கொடியும் அந்தக் குடும்பம்; அதன் இலையை இடித்துச் சாறெடுத்துக் கொல கெந்த என்ற இலைக்கஞ்சி காய்ச்சுவார்கள். கல்யாண மாலைக்கும் மேசைப் பூக்கொத்துக்கும் வைக்கிற மெல்லிய பச்சைக் கீற்று தென்னாபிரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தம்பி. கோத்தகிரிச் சித்தி தொலைபேசியில் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். “அந்தக் கெழங்கு இங்க காட்டுல கெடக்கு, தோண்டிட்டு வந்து லேகியம் கிண்டுவோம். அதுக்குப் போயி மூணு வருசமா?” என்றாள்.

எனக்கு மூன்று வருடம் கிடைத்தது 2019இல். என் மனைவி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்தவள். அவள் பெயரில் ஏழு பேர்ச் நிலமும் இந்திய உதவித் திட்டத்தில் 550 சதுர அடி வீடும் வந்தன. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். வீடு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி போகப் பின்பக்கம் சரிவில் ஒரு துண்டு மிச்சம். கொழும்பில் ஒரு விதைக்கடையில் மேரி வாஷிங்டன் என்ற பழைய அமெரிக்க ரகம் ஒரு பைக்கற்று கிடைத்தது. 2020இல் ஊரடங்கு போட்டார்கள், வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது, நேரமும் இருந்தது. கறுத்த சின்ன விதை. இராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பால்மா பைக்கற்றுகளில் மண் நிரப்பி நட்டேன். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தையல் நூல் அளவுக்குப் பச்சையாக ஏதோ எழும்பியது. இதற்காகவா இவ்வளவு என்று மனைவி கேட்டாள்.

விறகுச் சாம்பலை நம்பி இருக்க முடியாது. ஹட்டனில் டொலமைட் வாங்கினேன். கண்டி, மாத்தளைப் பக்கத்தில் தோண்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்லின் தூள், கவ்வாத்து முடிந்த மலையில் தூவுவதும் அதைத்தான். மண்ணைக் கூட்டி மேடாக்கி, இரண்டு பக்கமும் கான் வெட்டி, எருவும் டொலமைட்டும் கலந்து ஒரு மழைக்கு விட்டு, பிறகு கன்றுகளை இறக்கினேன். அகழி வெட்டச் சொல்லும் காணொளிகள் ஏராளம். அவர்களெல்லாம் ஹட்டன் ஆடியைப் பார்த்ததில்லை. முதல் மழைகாலத்தில் கூடில்லாத நத்தைகள்தான் எதிரி. இளங்குருத்தை ஒரு பக்கம் கடித்தால் அது அந்தப் பக்கமாகவே வளைந்துபோகும். இராத்திரியில் டோர்ச் அடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும், அட்டையும் கூடவே காலில் ஏறும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பக்கத்து மேட்டில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள். என் பாத்திக்கு அது தெரியவே இல்லை. மாட்டெரு தின்று வளர்ந்தது. 2022இல் எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, மரக்கறி விலை தொட முடியாத உயரம். அந்த வருடம் இந்தத் துண்டில் லீக்ஸாவது போட்டிருக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது நியாயம்தான். மேட்டின் இரண்டு சரிவிலும் சலாதும் வெங்காயத்தாளும் போட்டுச் சமாதானம் செய்துகொண்டோம்.

அந்த வருடம் செடிகள் பூத்தன. பூ ஒரு அரிசிமணி அளவு, வெளுத்த பச்சை மணி. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதையில் வந்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பெண் செடி சிவப்புப் பழம் விட்டுச் சக்தியை அதில் செலவழிக்கும், ஆண் செடி அதிகக் குருத்து தரும், நீண்ட நாள் இருக்கும். ஆகவே பெண் செடியைப் பிடுங்கிவிடு என்கின்றன புத்தகங்கள். இதைச் சத்தமாகப் படித்தது மனைவியின் காதில் விழுந்தது. “பெத்துப் போடுறத மட்டும் புடுங்கணுமா? நல்ல புஸ்தகம் எழுதினானுக” என்றாள். பெண் செடிகள் எல்லாம் இருக்கின்றன. கொண்டைக்குருவிகளுக்கு அந்தப் பழம் மீது ஆசை. வேலியோரத்தில் தானாக முளைத்த கன்றுகள் இப்போது அவளுடைய கணக்கில் சேர்கின்றன. பழம் மனிதருக்கு ஆகாது என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

2023 சித்திரையில் வெட்டினேன். தாத்தா மாதிரி தண்ணீரை நிறுத்தித் தூங்கவைத்தும் பார்த்தேன், தாய்வானிலும் தாய்லாந்திலும் செய்கிற முறையையும் பார்த்தேன்: ஒவ்வொரு செடியிலும் நாலைந்து தண்டைத் தாய்த்தண்டாக வளரவிட்டு, மற்றக் குருத்துகளை மாதக் கணக்கில் வெட்டிக்கொண்டே போவது, தாய்த்தண்டு முதிர்ந்ததும் புதியதை விடுவது. குளிர்காலம் இல்லாத நாட்டுக்கு அது நல்ல யோசனை. மழைகாலத்தில் வரும் குருத்து மெலிசு, ஆனால் வருடம் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும். முதல் வெட்டுக் குருத்துகளை மனைவி பருப்புக்கறியில் தேங்காய்ப்பால் விடுகிற நேரத்தில் போட்டு இறக்கினாள். கொழும்பிலிருந்து வந்த மகன் பட்டரில் வாட்டி ஒரு தட்டு வைத்தான். ஓட்டல்களுக்கு விற்றால் கிலோ என்ன விலை தெரியுமா என்று கைத்தொலைபேசியில் காட்டினான். பருப்பில் போட்டது முதலில் தீர்ந்தது.

போன மாதம் மேல் வரிசை வீட்டுப் பெண் வந்தாள். மலையில் கொழுந்து எடுக்கிறவள், படங்கு கட்டியபடியே வந்து பாத்தியைச் சுற்றிப் பார்த்தாள். அஞ்சு கன்று தருவீங்களா சேர் என்றாள். மூன்று வருடம் ஒன்றும் கிடைக்காது, அந்த இடத்தில் வேறெதுவும் போட முடியாது, கான் வெட்டிக் கொடுக்க வேண்டும், டொலமைட் செலவு இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். “மூணு வருசம்னா இவன் ஓ-லெவல் எழுதிருவான்” என்று கூட வந்த மகனைக் காட்டினாள். “அதுக்கு மேல எத்தன வருசம் வரும்?” பதினைந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது என்றேன். “அப்ப ஏழு கன்டாக் குடுங்க” என்றாள். மார்கழி மழை விட்டதும் வேரோடு மண் கட்டித் தருவதாகப் பேச்சு. அதற்குள் பையன் இரண்டு பக்கமும் கான் வெட்டி முடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டு போயிருக்கிறான்.